விடை சரி, வழி எங்கே? கேரளப் பொதுக்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொதுக்கல்வித் துறை அதிகாரிகளுக்கும் பாடநூல் கணிதக் குழுவினருக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தமிழ்வழி வகுப்புகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளை போடும் விடையைப் பார்த்து அடுத்த கணக்கைத் தானே தேர்ந்தெடுத்துத் தரும் பயிற்சி மென்பொருள்கள் இப்போது பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கின்றன. 2024-இல் ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலேயே செயற்கை நுண்ணறிவைச் சேர்த்த மாநிலம் இது. கணித வகுப்புக்குள் இவை நுழைய நெடுநாள் ஆகாது. வெளியில் வாங்கினாலும் சரி, பள்ளிகளின் தொழில்நுட்பப் பணிகளைப் பார்க்கும் உங்கள் கைட் நிறுவனமே உருவாக்கினாலும் சரி, ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்: அந்த மென்பொருள் விடையோடு நின்றுவிடாமல், பிள்ளை எந்த வழியில் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஓர் எண்ணோடு 1 கூட்டி, வந்ததை 3-ஆல் பெருக்கினால் 15. எண் எது? என் வகுப்பில் ஒரு பையன் அடைப்புக்குறியை விரித்து, 3-ஐக் கழித்து, 12-ஐ 3-ஆல் வகுத்து, நான்கு வரி எழுதி 4 என்றான். பக்கத்துப் பெண் 15-ஐ முதலில் 3-ஆல் வகுத்தாள், 5, ஒன்றைக் கழித்தால் 4. பென்சிலைத் தொடவே இல்லை. இப்போது 15-க்குப் பதில் 16 என்று மாற்றுங்கள். அவளுடைய வழியில் முதல் அடியிலேயே பின்னம் வந்து இடறும். பையனுடைய வழியில் கடைசி வரியில்தான் வரும். எந்த எண்ணுக்கு எந்த வழி தோது என்று பார்த்து மாறத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கணிதம் வந்திருக்கிறது என்பேன். நான் பார்த்த ஒரு செயலி (பெயர் வேண்டாம்) இருவருக்கும் ஒரே பச்சை டிக் போட்டு, இதே மாதிரி இன்னும் சில கணக்குகளை நீட்டியது.

அங்கேதான் எனக்குப் பயம். ஆப்ரஹாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் வெளியிட்ட ஜாடிச் சோதனை ஒன்று உண்டு. 21, 127, 3 அளவுள்ள மூன்று ஜாடிகளைக் கொண்டு 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127-இலிருந்து 21-ஐயும், இரண்டு முறை 3-ஐயும் கழித்தால் வந்துவிடும். இதே சூத்திரத்தில் அடங்கும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, 23, 49, 3 ஜாடிகளால் 20 எடுக்கச் சொன்னார். 23-இலிருந்து 3-ஐக் கழித்தால் முடிந்தது. ஆனால் பழகியவர்களில் பெரும்பாலோர் 49-இலிருந்து 23-ஐக் கழித்து, இரண்டு முறை 3-ஐயும் கழித்து, பழைய தடத்திலேயே சுற்றிப் போனார்கள். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து சரியாகப் போட்டால்தான் அடுத்த படி என்று வைக்கும் மென்பொருள், லூச்சின்ஸ் சோதனைக்காகச் செய்ததைத் தினசரிப் பாடமாகவே செய்கிறது.

இது அந்தத் தொழில்நுட்பத்தின் பிறவிக் குணம் அல்ல, நாம் அதனிடம் கேட்பது அவ்வளவுதான். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கார்பெட்டும் ஆண்டர்சனும் 1995-இல் விவரித்த முறையைத்தான் பல மென்பொருள்கள் இன்றும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. சரி, தவறு என்ற வரிசையிலிருந்து, இந்தத் திறன் பிள்ளைக்குக் கைவந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது கணிக்கிறது. ஊகித்துப் போட்டிருக்கலாம், தெரிந்தும் கை தவறியிருக்கலாம் என்பதற்குக்கூட இடம் விடுகிறது. வழிக்குத்தான் இடம் இல்லை.

நான் எதிர்ப்பாளர் இல்லை. டெல்லியில் 2015-இல் 619 மாணவர்களைக் கொண்டு மைண்ட்ஸ்பார்க் மென்பொருளைச் சோதித்தார்கள். நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. வகுப்புப் பாடத்துக்கு மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு அவர்கள் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கிக் கொடுத்தது பலித்தது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் அதைச் செய்ய எந்த ஆசிரியராலும் ஆகாது.

வழியைக் கவனிக்க வைப்பதும் திரையில் ஆகாத காரியம் இல்லை. பெத்தனி ரிட்டில்-ஜான்சனும் ஜான் ஸ்டாரும் 2007-இல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு எளிமையானது. ஒரு குழுவுக்கு ஒரே சமன்பாட்டின் இரண்டு தீர்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னார்கள். மற்றொரு குழுவுக்கு அதே தீர்வுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒப்பிட்டவர்களே வழி மாற்றி யோசிப்பதில் முந்தினார்கள். ஆகவே பச்சை டிக் விழுந்ததும் அடுத்த கணக்குக்குத் தாவாமல், "இதை வேறு விதமாகப் போட முடியுமா?" என்று மென்பொருள் கேட்கட்டும். இன்னொரு பிள்ளையின் வழியைக் காட்டி, எது தோது, ஏன் என்று கேட்கட்டும். வேகத்துக்கு நட்சத்திரம் கொடுப்பதை நிறுத்தட்டும். கடிகாரம் ஓடும்போது யாரும் புது வழி தேட மாட்டார்கள். ஆசிரியரின் திரையில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பிள்ளை எந்த வழியில் போனது என்பதும் தெரிய வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும். மதிப்பெண்ணை நானே போட்டுக்கொள்வேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் வழிக்குப் பஞ்சம் இல்லை. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் அப்பாவுக்குக் கூடமாட நிற்கும் பிள்ளையிடம், கிலோ 48 ரூபாய் என்றால் 5 கிலோ எவ்வளவு என்று கேளுங்கள். ஐம்பதாக வைத்து 250, அதில் பத்து போனால் 240 என்று வாய் மூடுவதற்குள் சொல்லும். அதே பிள்ளை நோட்டில் 48-ஐ மேலே எழுதி, 5-ஐக் கீழே எழுதி, மீதி 4-ஐ ஓரத்தில் குறிக்கும். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் கண்டு 2025-இல் 'நேச்சர்' இதழில் எழுதியதும் இதுவே: சந்தைக் கணக்கு பள்ளிக் கணக்குக்குள் வருவதில்லை. வரவழைக்கும் வேலையை மென்பொருளுக்குக் கொடுங்கள்.

அடுத்து, தமிழ். நான் சொன்ன செயலியில் ஆங்கிலமும் மலையாளமும் மட்டுமே இருந்தன. எங்கள் பிள்ளைகள் மலையாளம் பேசுவார்கள். ஆனால் நான்கு வரி வாக்கியக் கணக்கை மலையாளத்தில் படித்து விளங்கிக்கொள்வது வேறு. கேள்வி புரியாமல் விடை தவறினால், மென்பொருள் அதைக் கணிதக் குறை என்று எடுத்துக்கொண்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளையை நான்காம் வகுப்புக் கழித்தலுக்கு இறக்கிவிடும். பிறகு நாளெல்லாம் அங்கேயே வைத்திருக்கும். பார்ப்பவருக்குப் பிள்ளை மக்கு என்று தோன்றும். மூணாறு, மறையூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான் ஆகும். நீங்கள் தமிழில் பாடநூல் அச்சிடுகிறீர்கள், எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழில் எழுத விடுகிறீர்கள், 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது 'பர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தமிழிலும் தந்தீர்கள். ஆகவே தமிழ் இரண்டாம் கட்டத்தில் வரும் என்ற பதில் இந்த முறை வேண்டாம்.

ஒப்பந்தம் முடிவாகும் முன் தமிழ்வழி வகுப்பு ஒன்றிலும் சோதித்துப் பாருங்கள். சோதிக்கும் குழுவில் நிறுவனத்தின் ஆட்களோடு, சித்தூர் தாலுகாவிலிருந்து ஒரு கணித ஆசிரியரும் மூணாறும் மறையூரும் இருக்கும் தேவிகுளம் தாலுகாவிலிருந்து ஒருவரும் இருக்கட்டும். ஜூனில் பள்ளி திறந்த கையோடு வைத்துக்கொண்டால் தேர்வு நெருக்கடி இருக்காது. எங்கள் கணினி அறையை ஒழித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிக் கணித ஆசிரியர் ஒருவர்