"ஒரிஜினல் இன்ஜின்" என்று ஏலம் விட்ட 1969 கமாரோ இஸட்/28 குறித்த புகார்

பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர், ஏல நிறுவனம்

பொருள்: கேட்லாக் விவரத்துக்கு மாறான இன்ஜின், விற்பனையை ரத்து செய்யக் கோருதல்

ஐயா,

சென்ற மாத ஏலத்தில் நான் எடுத்த 1969 ஷெவர்லே கமாரோவை, "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட இஸட்/28, ஃபேக்டரியில் பூட்டிய அதே 302 டிஇஸட் இன்ஜின்" என்று தங்கள் கேட்லாக் விவரித்தது. 302 என்பது கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு, டிஇஸட் என்பது இஸட்/28 இன்ஜினில் ஆலை குத்திய குறியீடு. இன்ஜினைப் பற்றிச் சொன்னது உண்மையல்ல.

முதல் சந்தேகம் சத்தத்தில் வந்தது. 302-இல் வால்வுகளைத் தள்ளித் திறப்பவை சாலிட் லிஃப்டர்கள், அதாவது இடைவெளி விட்டே பூட்ட வேண்டிய திட உருளைகள். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் வால்வு இடைவெளி 0.030 அங்குலம். சூடேறி ஐடிலில் நிற்கும்போது தையல் மிஷின் மாதிரி தட்டும். இந்த வண்டி பரம அமைதி. வால்வு கவரைத் திறந்தால், வால்வை அழுத்தும் ராக்கர் கைகளில் இடைவெளியே இல்லை. உள்ளே இருப்பது எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பும் ஹைட்ராலிக் லிஃப்டர்.

இன்ஜின் பிளாக்கின் வார்ப்பு எண் 3970010. இதை மட்டும் வைத்து நான் குறை சொல்லவில்லை. 1969 டிஇஸட் இன்ஜின்கள் சில இந்த பிளாக்கிலும் வந்தன. ஆனால் 1979 வரை வந்த 350 கன அங்குல இன்ஜின்களுக்கும் இதே எண்தான். தேதியைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். கியர்பாக்ஸ் இணையும் பெல் ஹவுசிங்கை ஒட்டிய வார்ப்புத் தேதி "எச் 14 9". எச் என்றால் ஆகஸ்ட். ஆண்டுக்குக் கடைசி இலக்கம் மட்டுமே உண்டு என்பதால் அது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். கார் பாடியின் டேக்கில் இருப்பதோ "04பி", அதாவது ஏப்ரல் இரண்டாம் வாரம். எந்த ஆண்டைக் கொண்டாலும், கார் உருவான பிறகு வார்த்த பிளாக் இது.

வலது ஹெட்டுக்கு முன்னால், இன்ஜின் எண் குத்தும் தட்டையான பேடில் "வி0404டிஇஸட்" என்று குத்தியிருக்கிறது: ஃபிளின்ட் ஆலை, ஏப்ரல் 4. ஆகஸ்டில் வார்த்த பிளாக்கை ஏப்ரலில் பூட்டினார்களாம்! தாய்க்கு முன்னே பிள்ளை பிறந்த கதை. பக்கத்தில் "19என்6" என்று தொடங்கும் எண் சேஸிஸ் எண்ணோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ஆலையில் மேற்பரப்பைச் சீவும்போது முன்பின்னாக விழும் இணைகோடுகளைக் காணோம். உப்புத்தாள் தேய்த்த வட்டத் தழும்புகள்தான் தெரிகின்றன. பழைய எழுத்தை அழித்துப் புதிதாகக் குத்தினால் இப்படித்தான் இருக்கும். குத்தியது நீங்கள் என்று சொல்லவில்லை. ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும் என்கிறேன்.

கார் அசல் இஸட்/28-தான் என்றே நினைக்கிறேன். டேக்கில் இஸட்/28-க்கான எக்ஸ்77 குறியீடு இருக்கிறது, மன்சி கியர்பாக்ஸில் குத்திய எண்ணும் சரி. ஆகவே சிக்கல் இன்ஜினில்தான். விலையில் பெரும்பங்கும் அதற்குத்தான். கார்புரேட்டரும் அசலான 780 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) ஹோலி 4053 அல்ல, 600 சிஎஃப்எம் 1850. பின் குவார்ட்டர் பேனலின் அடிப்பகுதியில் பெயின்ட் மீட்டர் 1,500 மைக்ரானைத் தாண்டுகிறது. அது தகட்டை மூடிய பட்டி (ஃபில்லர்). பின் கண்ணாடி விளிம்பில் தேங்கும் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி அரித்த இடம்.

பட்டியையும் கார்புரேட்டரையும் "உள்ளது உள்ளபடி" விதியில் சேர்த்துக்கொள்ளுங்கள், வாதாட மாட்டேன். இன்ஜின் அப்படியல்ல. அந்த விதி வண்டியின் நிலைக்குப் பொருந்தும். நீங்களே எழுதிய விவரத்துக்குப் பொருந்தாது. அமெரிக்க வணிகச் சட்டமான யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் பிரிவு 2-313-இன்படி, பேரத்துக்கு அடிப்படையான விவரிப்பு வெளிப்படையான உத்தரவாதமே.

ஹெட்டை வேண்டுமென்றே கழற்றவில்லை. தங்கள் நிபுணரை அனுப்புங்கள், அவர் முன்னிலையில், பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக்கை அளப்போம். 3.00 அங்குலம் என்றால் 302, 3.48 என்றால் 350. கேட்லாக் தயாரிக்கும்போது எடுத்த பேடு படங்களையும், விற்றவர் கொடுத்திருந்தால் காரின் எண்கள் பதித்த புரொடெக்ட்-ஓ-பிளேட் உலோகத் தகட்டின் பிரதியையும் அனுப்பவும்.

விற்பனையை ரத்து செய்து ஏலத் தொகை, வாங்குபவர் கமிஷன், லாரி வாடகை மூன்றையும் 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அதுவரை காரை ஓட்டாமல் ஷெட்டிலேயே வைத்திருக்கிறேன். ஓடோமீட்டர் படம் இணைப்பில் உள்ளது.

இப்படிக்கு,
ஏலத்தில் காரை எடுத்தவர்