லேப்டாப் பெட்டியில் வைஃபை சிப்பின் பெயரை அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதையும், பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்பதையும் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தேவகோட்டையில் லேப்டாப் சர்வீஸ் கடை நடத்துகிறவள் என்ற முறையில் அதை மனதார வரவேற்கிறேன். அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தவர்களும் உண்டு. ஆனால் கட்டுரை தொடாமல் விட்ட ஒரு விஷயத்தில்தான் அவர்களில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அது வைஃபை.

எங்கள் பக்கத்தில் விண்டோஸ் 11 ஏற்காத லேப்டாப்கள் ஏராளம். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர் உள்ளதெல்லாம் கழிந்துவிடும். அண்ணனுக்கோ அக்காவுக்கோ பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பை இப்போது தம்பியோ தங்கையோ வைத்திருப்பார்கள். புதிதாக வாங்க வீட்டில் வழி இருக்காது. இந்தப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் நிஜமாகவே கை கொடுக்கும். நான்கு ஜிபி ராமும் ஒரு சாதாரண எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான லினக்ஸ் வகை நன்றாகவே ஓடும். லிப்ரே ஆஃபீஸில் புராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கலாம், பைத்தான் படிக்கலாம், தமிழில் தட்டச்சு செய்யலாம்.

அப்புறம் என்ன நடக்கிறது? பிள்ளை தானே பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, விண்டோஸை அழித்துவிட்டு, இன்ஸ்டால் முடித்து ரீஸ்டார்ட் செய்யும். மூலையில் வைஃபை அடையாளமே இருக்காது. நெட் இல்லாத லேப்டாப் இன்று எதற்கு உதவும்? "லினக்ஸ் வேஸ்ட்டுக்கா, நெட்டே வரலை. திரும்ப விண்டோஸே போட்டுக் குடுங்க" என்று கடைக்கு வந்து நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் செய்த எல்லாமே சரி. உள்ளே இருக்கும் சிப் எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வைஃபை வேலை செய்ய இரண்டு வேண்டும். ஒன்று டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள்; அது பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கும். இன்னொன்று ஃபர்ம்வேர்; சிப்புக்குள் ஏற்ற வேண்டிய, சிப் செய்த கம்பெனி தரும் சின்ன ஃபைல். இன்டெல் கார்டுகளுக்கு இரண்டையும் அந்தக் கம்பெனியே ஒழுங்காகக் கொடுத்துவருவதால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆத்தெரோஸின் பழைய கார்டுகள் பலவற்றுக்கு ஃபர்ம்வேர் ஃபைல்கூடத் தேவைப்படாது. ஆனால் விலை குறைந்த லேப்டாப்களில் இவையா வருகின்றன? பழையவற்றில் பிராட்காம் வரும். அதில் பிசிஎம் 43142 போன்ற சிப்களுக்குக் கெர்னலில் டிரைவரே கிடையாது, மூலநிரலை வெளியிடாமல் கம்பெனி தரும் மூடிய டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். புதியவற்றில் ரியல்டெக், மீடியாடெக் வரும். இவற்றில் நன்றாக ஓடுவதும் உண்டு, ஆனால் சிப் வந்து வெகுநாள் கழித்தே கெர்னலில் ஆதரவு சேரும். ரியல்டெக் 8852பிஇ சிப்புக்குக் கெர்னல் 6.2-ல்தான் ஆதரவு சேர்ந்தது. 2022-ல் வந்த உபுண்டு 22.04 என்ற லினக்ஸின் முதல் பதிப்பில் இருந்ததோ 5.15. புது லேப்டாப் வாங்கி, நீண்டகால ஆதரவு உள்ளது என்று நம்பி அந்தப் பதிப்பைப் போட்டவருக்கு வைஃபை வராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் கதை வேறு. அதன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் மூடிய ஃபர்ம்வேர் எதையும் சேர்ப்பதில்லை என்று கொள்கையாகவே வைத்திருந்தார்கள். 2022-ல் டெவலப்பர்கள் ஓட்டெடுப்பு நடத்தி அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே வருகிறது. கொள்கையில் பிடிப்புள்ளவர்கள் இதற்காக வருத்தப்பட்டார்கள், அந்த வருத்தம் நியாயமானதும்கூட. ஆனால் வீட்டில் பிராட்பேண்ட் வயர் இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு முடிவு எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் கடையில் பார்க்கிறேன்.

டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டியது மாதிரி. இதற்கு ஒரு சுலபமான வழி எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை வயரில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். லினக்ஸ் அதை வயர் வழி வரும் நெட்டாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் கேட்காது. சார்ஜ் மட்டும் ஏறும் மட்டமான வயராக இல்லாமல் டேட்டா போகும் வயராக இருக்க வேண்டும். அப்படி நெட் வந்ததும் மின்ட்டில் டிரைவர் மேனேஜரை, உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸைத் திறந்தால் பிராட்காம் டிரைவரை அதுவே கண்டுபிடித்துக் காட்டும்.

அதற்குப் பிறகும் ஓர் இடத்தில் வழுக்குகிறது. லேப்டாப்பின் அடிப்படை அமைப்பான பயாஸில், அங்கீகாரம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால், புது டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். எதற்கு என்று புரியாமலே எதையோ வைத்துவிடுவோம். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை ஒன்று வந்து சில நொடி மட்டும் காத்திருக்கும். அதில் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, என்ரோல் மோக் (Enroll MOK) என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு வைத்த அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். நீலத்திரை என்றாலே பயந்துபோய் கன்டினியூ பூட்டைத் தட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். தட்டிவிட்டால், டிரைவர் டிஸ்கில் இருந்தாலும் வேலைக்கு ஏறாது. இந்த நீலத்திரையைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஒரு லேப்டாப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரைக்குடியில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவியுடையது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. லினக்ஸ் போட்டபின் வைஃபை வருகிறது, ஆனால் ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வருகிறது. அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது. விண்டோஸில் மாடி வரைக்கும் எடுத்ததாம். இன்னொரு கடையில் காட்டி, கார்டே போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பின்மூடியைக் கழற்றினேன். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பச்சைக் கார்டு. ஓரத்தில் ஆன்டெனா வயர் மாட்ட, கடுகளவு தங்க நிற முனைகள் இரண்டு. ஒன்றில்தான் கறுப்பு வயர் இருந்தது, மற்றது காலி. ஸ்டிக்கரில் ஆர்டிஎல் 8723பிஇ என்று பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. இந்தச் சிப் உள்ள பல மாடல்களில் ஒரே ஒரு ஆன்டெனாதான் வைத்து அனுப்புகிறார்கள். அது எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்பதை லினக்ஸ் டிரைவர் மாற்றி எடுத்துக்கொண்டு, காலி முனையில் சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கும். டிரைவரின் அமைப்பில் ஆன்ட்செல் என்பதற்கு 2 என்று ஒரே ஒரு வரி எழுதி ரீஸ்டார்ட் செய்தேன். கடையில் இருந்தபடியே எதிர் வரிசை மெடிக்கலின் வைஃபை வரை பட்டியலில் தெரிந்தது. மூடியைத் திரும்பப் போட்டு ஸ்க்ரூவை முறுக்கி, காசு வாங்காமல்தான் கொடுத்தேன். ஒரு வரி எழுதியதற்கு என்ன கேட்பது? நல்ல கார்டை மாற்ற அந்த வீட்டில் செலவழிக்க இருந்தார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

கார்டை மாற்றியே ஆக வேண்டிய லேப்டாப்களும் உண்டு. அங்கேயும் விவரம் தெரியாமல் வாங்கிவிடக் கூடாது. இன்டெல் ஏஎக்ஸ் 201, 211 ஆகியவை அதற்கேற்ற இன்டெல் பிராசசர் உள்ள மெஷினில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப்பில் போட்டால் கார்டு இருப்பதாகவே தெரியாது. அதற்கு ஏஎக்ஸ் 200 அல்லது 210 வாங்க வேண்டும். சில பழைய மாடல்களில் பயாஸுக்குள் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இல்லாத கார்டைச் சொருகினால் மெஷின் பூட் ஆகாமல் நின்றுவிடும். சில மெல்லிய மாடல்களில் கார்டே கிடையாது, சிப்பை போர்டில் சாலிடர் செய்துவிடுகிறார்கள். அவற்றில் மாற்ற வழியே இல்லை, வெளியே சொருகும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள்தான் கதி. டாங்கிளிலும் இதே பிரச்சினை: உள்ளே எந்தச் சிப் என்று அட்டையில் போட்டிருக்க மாட்டார்கள்.

என் கோரிக்கை இதுதான். லேப்டாப் பெட்டியில் அதிகபட்ச விலை இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, எந்த நாட்டில் செய்தது என்று இருக்கிறது. பிராசசர் பெயரை மெஷின் மேலேயே மினுமினுக்கும் ஸ்டிக்கராக ஒட்டுகிறார்கள். வைஃபைக்கு மட்டும் வைஃபை 5, வைஃபை 6 என்பதோடு நிறுத்திக்கொள்வது ஏன்? ஒரே மாடல் எண்ணில் ஒரு லாட்டில் இன்டெல், அடுத்த லாட்டில் ரியல்டெக் அல்லது மீடியாடெக் என்று மாறி வருவதால், நண்பன் வாங்கியதைப் பார்த்து அதே மாடலை வாங்கினாலும் உறுதி இல்லை. இது வெளியில் சொல்ல முடியாத ரகசியமும் அல்ல. நம் நாட்டில் வைஃபை உள்ள எந்தக் கருவியையும் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் ஒப்புதல் பெற வேண்டும். கார்டின் மேலேயே பெயர் அச்சாகி இருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் தெரிகிற பெயரைப் பெட்டியில் போட எந்தக் கம்பெனிக்கும் தனிச் செலவு ஆகாது.

மாநில அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவிகள் தருவதாக அறிவித்தார்கள். இத்தனை லட்சம் மெஷின் வாங்குகிறவர் சொன்னால் எந்தக் கம்பெனியும் கேட்கும். எனவே தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் இனி விடும் டெண்டர்களில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். வைஃபை கார்டுக்கான டிரைவர், தனியாக எதையும் இறக்காமல் கெர்னலிலேயே இருக்க வேண்டும். கார்டு சாலிடர் செய்யாமல், கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிகளில் அந்த அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ்தான் ஓடுகிறது. பக்கத்து மாநிலத்தில் சிறு பிள்ளைகள் அதில் படிக்கும்போது, நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது வராது என்று சொல்ல முடியாது. அரசு தரும் லேப்டாப்புக்கு விண்டோஸ் ஆதரவு என்றாவது ஒருநாள் நிற்கத்தான் போகிறது. அன்றைக்கு அது பிள்ளையின் தம்பி, தங்கை கையில் இருக்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் ஒரு உரிமை கேட்டுப் பழக வேண்டும்: டெமோ பீஸில் லைவ் பென்டிரைவ், அதாவது இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ் போட்டுப் பார்ப்பது. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றும் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே பூட் ஆகும், டிஸ்கில் எதையும் தொடாது. வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் தூங்கி எழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்று ஒரு கட்டளை கொடுத்தால் உள்ளே இருக்கும் வைஃபை சிப்பின் பெயரையே திரையில் காட்டிவிடும். பழைய லேப்டாப்பிலும் அப்படித்தான்: லைவில் எல்லாம் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே விண்டோஸை அழிக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வாரம்தோறும் புது லேப்டாப்களை அறிமுகப்படுத்துகிறீர்கள். ராம், ஸ்டோரேஜ், கேமரா எல்லாம் வருகிறது. அந்தப் பட்டியலில் வைஃபை கார்டின் பெயரையும், அது கழற்றக்கூடியதா சாலிடர் செய்ததா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கம்பெனி சொல்ல மறுத்தால், மறுத்தது என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்ப்பவர்,
தேவகோட்டை.