ஒரு வரி சேர்த்துக் கொடுத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

பட்டாளத்தில் இருக்கும் என் கணவர் தூரத்தில் இருக்க, பிள்ளைகளோடு நான் குடியிருக்க நாகர்கோவிலில் வாடகை வீடு கிடைத்துவிட்டது. சாவி என் கையில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் கேந்திரிய வித்யாலயாவுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். நடந்ததில் பாதியை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள், மீதியை போனில் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன். அதனால் அந்தக் கதையை மறுபடியும் எடுக்கப் போவதில்லை. முதலில் பேசி முடித்த வேறொரு வீட்டை, அம்பாலாவிலிருந்து சாமான் ஏற்றிய லாரி நாக்பூர் தாண்டிய பிறகு, "ஆம்பிளை இல்லாத குடும்பத்துக்குக் கொடுக்க யோசனையா இருக்கு" என்று கைவிரித்தாரே ஒருவர், அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. போகும்போது போகட்டும்.

முதல் நன்றி, அதுவரை என் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவருக்கு. நாகர்கோவிலில் பத்திரம் எழுதும் பெரியவர் அவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், சரி, போடவில்லை.

இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதி, சாரும் டீச்சரும். கீழே அவர்கள், மாடியில் நாங்கள். எல்லாம் பேசி முடித்து, ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் அதே 11 மாத ஒப்பந்த மாதிரியை எடுத்துக்கொண்டு சாரும் நானும் அந்தப் பெரியவரிடம் போனோம். பெயரையும் தொகையையும் நிரப்பி பிரிண்ட் எடுக்கிற வேலைதான், பத்து நிமிஷத்தில் முடியும் என்று நினைத்தேன். லீவு முடிந்து என் வீட்டுக்காரர் ஏற்கெனவே ஹிம்சாகர் ரயில் ஏறிப் போயிருந்தார். எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். பீல்டு, குடும்பம் கூடப் போக முடியாத இடம், அவ்வளவுதான்.

மாதிரியில் வாடகைதாரர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். பெரியவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஒப்பு போடப்போறது யாரு?"

"நான்தான்."

"வாடகை கொடுக்கப்போறது?"

"நான்தான். அவங்க அக்கவுண்ட்ல இருந்து வரும், நான் கொடுப்பேன்."

"அப்போ உனக்க பேருல்லா வரணும் மக்ளே."

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பெயரை அழித்து என் பெயரை அடித்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் இருந்த வீடுகள் எல்லாம் அவருடைய நம்பரில், அவருடைய ராங்குக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ்கள். எந்தக் காகிதத்திலும் நான் டிபெண்டன்ட். ஒரு வீட்டுக்கு நான் பொறுப்பு என்று அச்சில் வந்தது இதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. சார்தான் "தண்ணி குடிக்கியாம்மா" என்று கேட்டார்.

அதன்பிறகு பெரியவர் ஒப்பந்தத்தை வரிவரியாகச் சத்தம் போட்டு வாசித்தார். யாரும் கேட்கவில்லை, அது அவருடைய பழக்கமாம். '11 மாதத்திற்குள் காலி செய்தால் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். வீட்டுக்காரருக்கு எங்கே வேலை என்று கேட்டார். பட்டாளம் என்றேன். உடனே சாரிடம் திரும்பி, "பட்டாளக்காரனுக்கு 11 மாசத்துக்கு மாற்றல் வராதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா சார்?" என்றார்.

சார் சிரித்தார். ஆனால் சும்மா விட்டுக்கொடுக்கவும் இல்லை. "அடிக்கடி ஆள் மாறினா எங்களுக்கும் கஷ்டம்தானே? பெயின்ட் அடிக்கணும், புரோக்கருக்குக் கொடுக்கணும்" என்றார். நியாயமான பேச்சு. பெரியவர் இரண்டு பக்கத்தையும் கேட்டு, பழைய வரியை எடுத்துவிட்டு, யோசித்து யோசித்து ஒரு வரி அடித்தார். மாற்றல் ஆணையின் நகலைக் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் எழுதினார். நான் போன் போட்டுக் கேட்டேன். ஆர்டர் காப்பியை வெளியே கொடுக்கக் கூடாது, யூனிட்டில் சான்று கேட்டு வாங்கித் தரலாம் என்றார் என் வீட்டுக்காரர். அதையும் பெரியவர் திருத்தினார். தேவைப்படுகிற யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அந்த வரியை அப்படியே இங்கே தருகிறேன்:

'வாடகைதாரரின் கணவர் இந்திய ராணுவத்தில் பணிபுரிவதால், பணி மாற்றல் காரணமாகவோ அரசுக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டதாலோ குடும்பம் இடம்பெயர நேர்ந்தால், வாடகைதாரர் அவரது பிரிவு வழங்கும் சான்றுடன் ஒரு மாதம் முன்னதாக எழுத்துமூலம் தெரிவித்து வீட்டைக் காலி செய்யலாம். வாடகை, மின்கட்டண நிலுவையும், சேதம் இருப்பின் அதற்கான தொகையும் போக, மீதி முன்பணம் முழுவதும் சாவி ஒப்படைக்கும் நாளில் திருப்பித் தரப்படும்.'

முத்திரைத்தாளுக்கும் டைப் செய்ததற்கும் மட்டும் காசு வாங்கினார். யோசித்து எழுதிய அந்த வரிக்குத் தனியாக ஏதாவது கொடுக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். உங்கள் வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கும் என்றே நினைத்தேன்.

"ஒருத்தரும் இல்ல மக்ளே. சண்டைய முன்னாலயே எழுதி வச்சாச்சுன்னா பொறவு போட வேண்டாம்லா."

அவருக்கு இது அன்றாடம் பார்க்கிற வேலை. எனக்கு, அன்று ராத்திரிதான் பல நாளுக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினேன். மாற்றல் வந்தால் அட்வான்ஸ் போய்விடும் என்ற பயம் எவ்வளவு பெரியது என்று குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தெரியாதவர்களுக்குப் புரிவது கஷ்டம். அந்தப் பணம்தான் அடுத்த ஊரில் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ்.

"உங்களுக்கு என்ன, கவர்மென்ட் வீடு கொடுக்குமே" என்று நிறைய பேர் சொன்னார்கள். குடும்பத்தோடு இருக்க முடிகிற பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்வரை அது சரி. பீல்டுக்கு மாற்றல் வந்தால் குடும்பம் கூடப் போக முடியாது, குவார்ட்டர்ஸையும் கொஞ்ச காலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் ராணுவக் குடியிருப்பு என்று பார்த்தால் திருவனந்தபுரம் பாங்கோடுதான். வீட்டு வாடகைக்காகச் சம்பளத்தோடு தரும் வாடகைப்படி வரும், இல்லை என்று சொல்லவில்லை. நாகர்கோவில் மாநகராட்சி ஆனது 2019-இல், ஆனால் வாடகைப்படிக் கணக்கில் அது கடைசிப் பிரிவான இசட். அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம். மீதி நம் கையிலிருந்துதான்.

இன்னொரு கேள்வி, "சொந்த மாவட்டத்திலேயே வாடகை வீடா?" என் பிறந்த வீடு குலசேகரம் பக்கம். அங்கே அண்ணன் குடும்பம் இருக்கிறது, இருக்கிற இரண்டு அறையில் அவர்களே நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அங்கிருந்து தினமும் நாகர்கோவில் பள்ளிக்கூடத்துக்குச் சின்னப் பிள்ளைகளை பஸ்ஸில் அனுப்ப முடியுமா? வீடு தேடிப் போன இடங்களில் வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே "நீங்க என்ன ஆளு?" என்று கேட்டார்கள். ஜனவரி 26-க்கு ஸ்டேட்டஸ் வைக்கிறவர்கள்தான் அவர்களும். இதை எழுதாமல் விட்டால் சாரும் டீச்சரும் செய்தது என்ன என்று தெரியாமல் போய்விடும். அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பிள்ளைகள் என்ன வகுப்பு என்று மட்டும் கேட்டார்கள். அட்வான்ஸும் 3 மாத வாடகைதான் வாங்கினார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரை, அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறதாம். இதுவும் பெரியவர் சொல்லித் தெரிந்ததுதான். 10 மாத அட்வான்ஸ் கேட்ட இடங்களில் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி மற்றவர்கள். தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சாமானை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றபோது முகம் சுளிக்காமல் காத்திருந்த லாரிக்காரர். நம்பரும் பெயரும் எழுதிய எங்கள் கறுப்புப் பெட்டிகளைப் பார்த்ததுமே "நம்ம ஆளுங்கடே" என்று தன் ஷெட்டைத் திறந்துவிட்ட ஓய்வு பெற்ற சுபேதார் மாமா. மழை பிடித்த ராத்திரியில் பெட்டிகளின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிய அவர் மகன். பட்டாளக் கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டே தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்ட அக்காமார். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் எங்களைத் தங்கவைத்த வடசேரி சித்தி. குடிவந்த அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் கொடுத்துவிட்ட பக்கத்து வீடு. என் இளையவள் கிழங்கைப் பார்த்து "யே க்யா ஹை?" என்று கேட்டது அந்த வீட்டுக்காரர்களுக்குப் பெரிய சிரிப்பு. இப்போது அவளே போய்க் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். அம்பாலாவில் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள். அங்கே கடைசி ராத்திரி பெட்டி கட்டியது நீங்கள்தானே, மறக்கவில்லை.

இனி ஒன்று செய்யப் போகிறேன். இந்த மாவட்டத்துக்கு வீடு தேடி வரும் பட்டாளக் குடும்பம் எதுவாக இருந்தாலும், தமிழ் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், என்னிடம் சொல்லுங்கள். கூட வந்து வீடு பார்க்கிறேன். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்னால் சத்தம் போட்டு வாசிக்கிறேன். பெண்கள்தான் இருந்து குடித்தனம் நடத்தப்போகிறார்கள் என்றால் அவர்கள் பெயரில் எழுதச் சொல்லி நிற்கிறேன். பெரியவரைப் பார்க்க வேண்டும் என்றால் அழைத்துக்கொண்டும் போகிறேன், அவருக்கு என்னால் கொடுக்க முடிகிற கூலி அப்படி அவரைத் தேடி வரும் கூட்டம்தான்.

பால் காய்ச்சாமல் குடியேறிவிட்டோம் என்று அம்மாவுக்கு ஒரே குறை. அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்னப் பால் காய்ச்சு வைத்திருக்கிறோம். மேலே சொன்ன எல்லோரும், சொல்ல விட்டுப்போனவர்களும் வர வேண்டும். டீச்சர் கீழ் வீட்டிலும் பாய் விரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது, பெரியவர்களைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.