கொல்லையில் கொஞ்சம் மண்ணை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் தையல் வேலை செய்கிறேன். பிறந்ததிலிருந்து வாடகை வீடுதான். மாடிப் போர்ஷன், இல்லாவிட்டால் லைன் வீடு. பெயின்ட் வாளியில் கறிவேப்பிலைக் கன்று வைத்தால்கூட, தளம் ஓதம் பிடிக்கும் என்று எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் மட்டும் சில வருஷம் கொல்லை உள்ள வீடு வாய்த்தது. துவைக்கிற கல்லில் இருந்து ஓடும் தண்ணீர் நேராக வாழைக்குப் போகும். ஓனர் வீட்டு ஆயா முருங்கைப் போத்து ஒன்றை வெட்டிக் கொடுத்து, "நட்டுட்டு தலையில சாணிய அப்பு, மழைத்தண்ணி உள்ள இறங்காது" என்றார். அப்படியே செய்தேன். மூன்று குடும்பமும் கீரைக்குக் காசு கொடுத்ததில்லை. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பிக்கொள்ளும். பந்தம் கொளுத்திக் காட்டினால் தீர்ந்தது. அதற்குப் பயந்து மரத்தையே வெட்டுவது பாவம்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல். முருங்கை இடுப்பளவில் முறிந்தது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மாடி வீடுகளில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருவே எங்கள் கொல்லைக் கைப்பம்புக்குக் குடத்தோடு வந்தது. கேஸ் தீர்ந்தவர்கள் அங்கேயே கல் கூட்டி, தென்னமட்டையை எரித்துக் கஞ்சி வைத்தார்கள். அதுவரை முகம் மட்டும் தெரிந்தவர்கள் அந்த அடுப்படியில்தான் பழக்கமானார்கள். முருங்கையும் துளிர்த்துக்கொண்டது.

ஆயா காலமானதும் கொல்லையில் இரண்டு போர்ஷன் எழும்பியது. வாடகையை நம்பிப் பிழைப்பவர்கள், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். எதுவுமே கட்டாத இடத்திலும் மதில் வரைக்கும் சிமென்ட் பூசுகிறார்களே, அதுதான் மனசு ஆறவில்லை. கேட்டால் "மண்ணுன்னா சகதி" என்கிறார்கள். பெய்கிற மழையெல்லாம் தெருவுக்கு ஓடுகிறது. எங்கள் தெரு போரில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் விடும் இடத்தையும் மண்ணாகவே விடும்படி மாநகராட்சி வரைபட அனுமதியின்போதே சொல்ல வேண்டும். ஓனர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு வாழையும் ஒரு முருங்கையும் நிற்கிற அளவு போதும். குப்பை கூட்டுவதும் பூச்சி பார்ப்பதும் குடியிருக்கிற எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்.