‘தவறு’ என்று மட்டும் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரியில் பி.காம். படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் செல்போனும் நோட்டுமாக வந்தாள். கல்லூரியில் புள்ளியியல் பயிற்சியைக் கணினி வழியாகத் தருகிறார்களாம். விடையை அடித்ததும் சரியா தவறா என்று காட்டிவிடும். “கூட்டிக் கூட்டிப் பார்த்துட்டேன் சார், தப்புன்னே வருது” என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது.

ஐந்து நாளில் ஒரு பெட்டி தக்காளி 200, 250, 300, 350, 400 ரூபாய்க்குப் போயிருக்கிறது. இந்த ஐந்து விலைகளின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி விலைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) என்ன? இதுதான் கணக்கு. நோட்டைப் பார்த்தேன். சராசரி 300, சரி. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 25,000, அதுவும் சரி. அதை 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்; அவளோ 4-ஆல் வகுத்திருந்தாள். 70.71 வரவேண்டிய இடத்தில் 79.06 வந்துவிட்டது. ஐந்து நாளை மாதிரியாக, அதாவது பெரிய தொகுதியிலிருந்து எடுத்த சிறு பகுதியாக வைத்து சீசன் முழுவதற்கும் மதிப்பிடுவதென்றால் 4-ஆல் வகுப்பதுதான் முறை. இங்கே கேட்டது இந்த ஐந்து விலைகளை மட்டும்தான்; அவையே முழுமைத் தொகுதி. பத்தாம் வகுப்பில் மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பழகிய பிள்ளைகள், கல்லூரியில் ஒன்று குறைத்து வகுப்பதைப் பார்த்ததும் குழம்புவது இயல்புதான். ஆனால் அவளோ, சரியாக இருந்த கூட்டலையே ஒரு மணி நேரம் திருத்திக்கொண்டிருந்தாள்!

கணினிப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் நோட்டுத் திருத்திக் கொடுக்க நாலு நாள் ஆகும்; அதற்குள் பிள்ளைகளுக்குக் கணக்கே மறந்துபோகும். கணினி உடனே சொல்கிறது. ஆளுக்கு ஆள் எண்ணை மாற்றியும் தரும், பார்த்து எழுத முடியாது. மூடில் என்ற இலவச மென்பொருளில், வழக்கமாக வரும் தவறான விடைக்கும் ஒரு சூத்திரம் கொடுத்து, அதற்கென்று தனிக் குறிப்பு எழுதி வைக்கலாம். “4-ஆல் வகுத்தாயா? இது மாதிரியா, முழுமைத் தொகுதியா என்று பார்” என்று ஒரு வரி வந்திருந்தால் அந்தப் பெண் அழுதிருக்க மாட்டாள்.

பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பது விடைத்தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும். அந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுத ஆசிரியர்களுக்குக் கல்லூரிகள் நேரம் ஒதுக்க வேண்டும். வகுப்பு எடுப்பதைப் போல இதையும் வேலையாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் செய் என்றால் நடக்காது.

மாணவர்கள் செய்த தவறுகளை நான் பழைய நோட்டுகளில் குறித்து வைத்திருக்கிறேன். மாவட்டத்தில் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
பாலக்கோடு.