அப்பாவிடம் கேட்டு எழுதுங்க

லீட்ஸ், டிசம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்க கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு, மன்னிச்சிருங்க. இங்கே மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது. ரெண்டு கம்பளியே போதும், ஹீட்டர் அதிகம் போடுவதில்லை. ஆப்பிரிக்கக் கடையில் மரச்சீனிக் கிழங்கு கிடைக்குது, ஆனால் சாளை மீன் எல்லாம் ஐஸில் கிடந்தது, எவ்வளவு தேங்காய் அரைத்து ஊற்றினாலும் நம்ம வீட்டு மணம் வரவில்லை.

தலைசுற்றல் நின்றதும் அப்பா பிரஷர் மாத்திரையை விட்டுட்டார் என்று எழுதியிருந்தீங்க. எங்க வார்டில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் வைத்திருந்த தாத்தாதான் ஞாபகம் வந்தார். எந்த மாத்திரை எதுக்கு என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார், நானும் "புரிந்துகொண்டார்" என்று எழுதிவிட்டேன். வீட்டுக்குப் போகிற அன்று சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அடைப்பை எடுத்தாச்சு, இந்த டப்பாவோடு முடிஞ்சது" என்கிறார். ஹார்ட் அட்டாக் எதனால் வந்தது என்று அப்போதுதான் கேட்டேன். மனைவி இறந்த துக்கத்தில் வந்ததாம், ஐம்பது வருஷம் பிடித்த சிகரெட் அவர் கணக்கிலேயே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துவிடும் அம்மா, அதை வழக்கமாக ஒரு வருஷம், ஆஸ்பிரினை ஆயுசுக்கும் சாப்பிடணும். அவர் பிடிவாதக்காரர் இல்லை, மனசில் இருந்த கணக்குப்படி சரியாகத்தான் நடந்தார். நான்தான் அதைக் கேட்கவில்லை.

ஊரில் வேலை பார்த்தப்பவும் அப்படித்தான். அய்யாவழிக்காரங்க கும்பிடுகிற சுவாமித்தோப்பு பதிக்குப் போய் நாமம் இட்டு வந்தவரையும், கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவரையும் பார்த்து, இவர் மாத்திரை சாப்பிட மாட்டார் என்று நானே முடிவு செய்திருக்கேன். அது தப்பு, சாமியையும் மாத்திரையையும் சேர்த்தே நம்பினவங்க எத்தனையோ பேர்.

அதனால் அப்பாவைத் திட்டாதீங்க. பிரஷர் எதனால் வந்தது, எத்தனை நாள் இருக்கும், எதுக்குப் பயப்படுகிறார் என்று கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்க. மாத்திரையால் கிட்னி போகும் என்று யாராவது சொல்லியிருப்பாங்க, பிரஷரைக் கவனிக்காமல் விட்டால்தான் கிட்னி கெடும். தலைசுற்றல் இல்லாமலும் பிரஷர் ஏறியிருக்கும். இந்த வாரமே அண்ணன் தக்கலைக்கு டாக்டரிடம் கூட்டிப்போகட்டும்.

நேற்று விடியும் முன்னே சர்ச் மணி கேட்டது, அப்பா ரப்பர் பால் வெட்டப் புறப்படுகிறார் என்று நினைத்து எழும்பி உட்கார்ந்துட்டேன். அப்புறம் தூக்கமே வரலை.

சீட்டுப் பணம் இந்த மாசம் பத்து நாள் தாமதமாகும், ஒன்றுமில்லை, சேர்த்து அனுப்புகிறேன். மைனி நகையை இப்போ அடகிலிருந்து திருப்ப வேண்டாம். சித்தப்பா வேலிக்கல் விஷயமாகக் காகிதம் கொண்டுவந்தால், அண்ணன் படிக்காமல் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்க மகள்