கட்டுரை வெளியான பிறகு வரும் வேலைக்கும் பணம் ஒதுக்குங்கள்

பல்கலைக்கழக ஆய்வு நிதிக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் 'இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன்?' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அழகாக நிரப்ப எல்லோரும் பழகிவிட்டார்கள். அந்தப் பயன் மக்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை யார் என்ன வேலை செய்வது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கும் கட்டம்தான் இல்லை.

வயிற்றுப்போக்கில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலையே எடுத்துக்கொள்வோம். சோடியமும் குளுக்கோஸும் குடல்சுவரைச் சேர்ந்தே கடக்கின்றன என்று உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் சொன்னார். அப்போது அது வெறும் உடலியல். காலரா நோயாளிக்கு அது உதவும் என்பதை 1968-ல் வெளியான டாக்கா சோதனை காட்டியது. 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனபிஸ் குழுவினர் லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்ற கணக்கில் கலந்து கொடுத்தார்கள். பொட்டாசியம் அதில் இல்லை. அப்படியும் இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது.

வழக்கமாக இத்தோடு கைதட்டி முடித்துவிடுவார்கள். உண்மையில் சில்லறைச் சிக்கல்கள் இதற்குப் பிறகுதான் வரிசையாக வந்தன. சோடா உப்பும் குளுக்கோஸும் ஒரே பொட்டலத்தில் கிடந்து சூடும் ஈரமும் பட்டால் பழுப்பேறிக் கட்டிதட்டிவிடும். அதனால் 1980களில் சோடா உப்புக்குப் பதில் அவ்வளவு எளிதில் கெடாத டிரைசோடியம் சிட்ரேட் என்ற உப்பு வந்தது. தண்ணீரைக் குறைத்துக் கலக்கினால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறும். சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் நீரை இழுத்து, வயிற்றுப்போக்கை இன்னும் அதிகமாக்கும். பல சோதனைகளுக்குப் பிறகு 2002-ல் கரைசலின் செறிவு (கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவு) லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோலில் இருந்து 245-க்கு இறங்கியது: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம்.

பொட்டலம் ஏன் பழுப்பேறுகிறது என்று பார்ப்பது உங்கள் மதிப்பெண் முறையில் ஆய்வா? பெரும்பாலும் இல்லை. கண்டுபிடித்தவருக்கு மதிப்பெண் உண்டு, மருந்தைக் கெடாமல் வைத்தவருக்கு இல்லை என்றால், அடுத்த ஆளை அந்த வேலைக்கு எங்கே தேடுவது?

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு மானியத்திலும் ஒரு பகுதியைக் கட்டுரை வெளியான பிறகுதான் செலவிட வேண்டும் என்று தனியே ஒதுக்குங்கள். வெப்பத்தில் வைத்துச் சோதிப்பது, பயன்படுத்துவோரையே கலக்கச் சொல்லி எங்கே பிசகுகிறது என்று பார்ப்பது போன்றவற்றுக்கு அந்தப் பணம் போகட்டும். தோல்வி அறிக்கையையும் முடிவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆய்வில் கிடைக்கும் மாதிரிகளைப் பொதுச் சேகரிப்பகத்தில் வைப்பதைக் கட்டாயமாக்குங்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் 1966-ல் எடுத்த தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்ற பாக்டீரியா பொதுச் சேகரிப்பகத்தில் இருந்ததால்தான், பல ஆண்டுகள் கழித்து, டி.என்.ஏ. துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனைக்கு வேண்டிய வெப்பம் தாங்கும் நொதியை அதிலிருந்து எடுக்க முடிந்தது. பிராக் நுண்ணுயிரைத் தேடிப் போனபோது பி.சி.ஆர். என்ற ஒன்றே கிடையாது. பயனை முன்கூட்டியே எழுதச் சொல்லும் உங்கள் கட்டத்தில் அவர் என்னதான் எழுதியிருப்பார்?

காப்புரிமை பற்றியும் ஒரு வார்த்தை. மாநாட்டுச் சுவரொட்டியும் பகிரங்க வெளியீடுதான். ஐரோப்பா உட்படப் பல இடங்களில் அதற்குப் பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடுவார்கள். மானியக் கடிதத்திலேயே இதைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். அடுத்த சுற்று அறிவிப்புக்கு முன் படிவத்தைத் திருத்துவதாக இருந்தால், புதிய கட்டத்துக்கான வாசகத்தை எழுதித்தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஆய்வு முடிவுகளைக் களத்துக்குக் கொண்டுசெல்லும் பணியில் உள்ளோர்